மீதியை வீட்டு ஆள் பார்த்துக்கொள்வார்

காலையில் மூத்திரப் பையைக் காலி செய்வது அக்காவின் வேலை. அது முடியாமல் அந்த வீட்டில் டீ கிடையாது. டீ போடவும் அவளை விட்டால் ஆள் கிடையாது. கட்டில் ஓரத்தில் தொங்கும் பையின் அடிமூக்கைத் திறந்து பிளாஸ்டிக் குவளையில் வடியவிடுவாள். குவளையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். கலங்கல் உண்டா, சிவப்பு ஏறியிருக்கிறதா, நேற்றைய வாடைதானா. பிறகு கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். இதற்குள் அப்பாவுக்கு விழிப்பு வந்திருக்கும். ஆனாலும் கண்ணை மூடியே படுத்திருப்பார். அவள் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரச் சத்தம் கேட்ட பிறகுதான் அவருக்கு விடியும்.

அப்பா பஸ் செக்கராக இருந்தவர். ஓடுகிற பஸ்ஸில் பாதி வழியில் ஏறி, டிக்கெட் இல்லாதவனைக் கையைப் பிடித்து இறக்கிவிடுவது அவருடைய உத்தியோகம். ஒருமுறை சொந்த மைத்துனனையே நடு ரோட்டில் இறக்கிவிட்டார், அதனால் மாமியார் வீட்டோடு பேச்சுவார்த்தை சில வருஷம் நின்றுபோனது. "உறவுன்னா வீட்ல. பஸ்ல எல்லாரும் பயணி" என்பார். அம்மா இருந்தவரை இதைச் சொல்லிச் சொல்லியே அவரைக் குத்துவாள்.

அவருடைய மகன் மூத்திர டாக்டர். அறை வாசலில் உள்ள பலகையில் நீளமாக, சிறுநீர்ப் பாதை அறுவை சிகிச்சைத் துறைப் பேராசிரியர் என்று இருக்கும். கூடப் படித்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் குழாய். மேற்படிப்புக்கு இடம் பிரித்தபோது இதயமும் மூளையும் மேல் மதிப்பெண்காரர்களுக்குப் போய்விட, மிஞ்சியதை வாங்கிக்கொண்டு வந்தவர். "விடுறா குழாய். இதயம் நின்னா ஆள் சத்தமில்லாம போயிடுவான். மூத்திரம் நின்னா பத்துத் தெருவுக்குக் கேக்கும். உனக்குத்தான்டா மவுசு" என்று நண்பன் ஒருவன் ஆறுதல் சொன்னான். அவன் பின்னால் மயக்க மருந்து டாக்டர் ஆனான்.

மிஞ்சியதை வாங்கிய மனிதர் அதை மிஞ்சியதாக நினைக்கவில்லை. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அவர் வேலைக்குச் சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் கிழவர்கள் கட்டிலிலும் கட்டிலுக்கடியிலும் கிடந்தார்கள். எல்லாருக்கும் ஒரே வியாதி. ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைத்துக்கொண்டது. அறுத்தெடுத்தால் சரியாகிவிடும். ஆனால் அறுவைக்கு முறை வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் மூத்திரப்பைக்குள் ஒரு ரப்பர் குழாய், குழாயின் நுனியில் ஒரு பை. கிழவர்கள் அந்தப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, கடைக்குப் போய்வந்தவர்கள்போல வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுக்கு அனுப்பினால் குழாய் அடைத்துக்கொண்டு, காய்ச்சல் கண்டு, அலறிக்கொண்டே திரும்பி வருவார்கள். வார்டில் வைத்துக்கொள்ளவோ கட்டில் இல்லை.

அப்போது அவர் உதவி டாக்டர். சாயங்காலம் ரவுண்ட்ஸ் முடிந்ததும் வராந்தாத் தரையில் உட்கார்ந்து, கிழவர்களின் மனைவிகளுக்கும் மருமகள்களுக்கும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பையை எப்படித் தொங்கவிடுவது, எதைக் கொதிக்க வைப்பது, குழாயை எப்படிக் கழுவுவது, எப்போது பயப்படுவது, எப்போது பயப்படக் கூடாது. ஹெட் நர்ஸ் கதவில் சாய்ந்துகொண்டு சிரிப்பாள்.

"என்ன டாக்டர், டியூஷன் சென்டரா?"

"ஆமா சிஸ்டர். ஃபெயிலானா பெஞ்சுல ஏத்திடுவேன்."

அந்த வராந்தா நாட்களில் அவரைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அவரை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அவர்களுடைய கிழவர்கள் காய்ச்சல் இல்லாமல் இருந்தார்கள். சிலர் வரப்பிலும் கடையிலும் வேலைகூடப் பார்த்தார்கள். பொய்யான கெட்டிக்காரத்தனம் எதுவும் அதில் இல்லை.

பிறகு ஒரு மத்தியானம் அப்பாவுக்கே அடைத்துக்கொண்டது. அக்கா போன் செய்தாள். டாக்டர் பெட்டியோடு வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துக் குனிந்து நின்றுகொண்டிருந்த அப்பாவைப் படுக்கவைத்துத் தானே குழாயைப் போட்டார். பை நிறைந்தது. அப்பாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "நீ படிச்சதுக்கு இன்னைக்குத்தான்டா கூலி கிடைச்சுது" என்றார் அப்பா.

அறுவை செய்துவிடலாம், உடம்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அறுவை டாக்டர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சொந்த ரத்தத்தின் மேல் கத்தி வைக்க மாட்டார்கள். குழாய் போடலாம், ஊசி போடலாம், கத்தி மட்டும் அடுத்தவர் கையில். துறையில் அந்த அடுத்தவர் என்றால் தலைமை டாக்டரான பெரியவர் ஒருவர்தான். வெளிநாட்டுப் பயிற்சிக்கான ஒரே இடத்தை யாருக்குக் கொடுப்பது என்ற தகராறில் அவருக்கும் இவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. இடம் கடைசியில் இவருக்கே கிடைத்தது. இந்த நேரத்தில் போய் அவரிடம், என் அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நிற்பதா?

"அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருச்சுக்கா. நான் போயிட்டு வந்து வேற ஏற்பாடு பண்றேன்" என்றார்.

பெரியவரின் கை நடுங்கி வேறு யாரும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற நாள் காலையில்கூட ஒரு கிழவருக்கு அறுத்து, தையல் போட்டுவிட்டுத்தான் மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டார்.

"அதுவரைக்கும்?" என்றாள் அக்கா.

"நீ இருக்கியே."

அக்கா இருந்தாள். ஆனால் வீட்டில் சும்மா இருந்தவள் அல்ல. கல்யாணமாகிப் போன இடம் சரிப்படாமல் திரும்பி வந்த பிறகு, கட்டடப் படம் வரையும் படிப்பு படித்து, ஒரு இன்ஜினியர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பெரிய சாய்வு மேசை, மேலே ஒரு விளக்கு, கூரான பென்சில்கள். வீடு கட்டுகிறவர்கள் கனவோடு வருவார்கள். மாடிப்படியை எங்கே வைப்பது, சாக்கடையை எப்படிக் கொண்டுபோவது என்று இவள் தீர்த்துவைப்பாள். அவள் வரைந்தால் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் ஒன்றையொன்று வெட்டாது என்று இன்ஜினியர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். தம்பியின் பட்டப் பெயரைக் கேள்விப்பட்டபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "குடும்பத் தொழில்டா. நீ உள்ள இருக்கிற குழாயைப் பாரு, நான் வெளிய இருக்கிறதைப் பாக்குறேன்."

அவள் லீவு போட்டாள். தம்பி கிளம்புவதற்கு முந்தைய நாள் குழாய் மாற்றக் கற்றுக்கொண்டாள். உள்ளே இருக்கும் சின்ன பலூனின் தண்ணீரை ஊசியால் இழுத்துவிட்டு, பழையதை உருவி, துடைத்து, மருந்துக் களிம்பு தடவிப் புதியதைச் செலுத்த வேண்டும். சொல்வதற்கு அவ்வளவுதான். அவள் கையுறை மாட்டிக்கொண்டு நெருங்கியபோது அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்தார். இடுப்பை மூடிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தார்கள். அவர் அதைத் தன் முகத்தின் மேல் போட்டுக்கொண்டார். எல்லாம் முடிந்து அவள் அறையை விட்டு வெளியேறும்வரை எடுக்கவில்லை. அதுதான் பிறகு பழக்கமாயிற்று. ஒவ்வொரு முறையும் துண்டு. அன்று முழுக்க அவளோடு பேச்சில்லை. மறுநாள் எதுவும் நடக்காததுபோல, "டீல சர்க்கரை பத்தல" என்று ஆரம்பிப்பார்.

வெளிநாட்டில் டாக்டருக்கு யோகம் அடித்தது. ஒரு கூட்டத்தில் தன் வார்டைப் பற்றி அவர் பேசினார். பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு வெள்ளைத் தலைப் பேராசிரியை கேட்டாள்: வீட்டுக்குப் போகிறவர்கள் என்ன ஆகிறார்கள்? அவர் வராந்தாவைச் சொன்னார். பிறகு, அதுவரை திட்டமிடாமல், தன் வீட்டைச் சொன்னார். என் தந்தையை என் அக்காதான் பார்த்துக்கொள்கிறாள், இதுவரை ஒரு காய்ச்சல் இல்லை. அரங்கம் கைதட்டியது. பேராசிரியை அவரைக் காபிக்கு அழைத்தாள்.

அங்கிருந்துதான் அவர் வாழ்க்கை வேறு தண்டவாளத்தில் ஏறியது. திரும்பி வந்ததும் வீட்டுக் குழாய்த் திட்டம் தொடங்கியது. முதலில் ஒரு வார்டு, பிறகு பல ஊர்கள், பிறகு பல நாடுகள். கட்டில் இல்லாத ஏழை ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் அது ஒரு வழி காட்டியது. கட்டுரைகள் வந்தன. உலக அளவிலான குழுக்களில் அவர் பெயர் வந்தது. திட்டத்துக்கு ஒரு துண்டுப் பிரசுரம் உண்டு, அவரே எழுதியது. டாக்டர் செய்ய வேண்டியது, நர்ஸ் செய்ய வேண்டியது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில், மீதியை வீட்டு ஆள் பார்த்துக்கொள்வார் என்று முடியும். அந்த வரியை டைப் அடித்தபோது ஹெட் நர்ஸ், "மீதின்னா எவ்வளவு டாக்டர்?" என்று கேட்டாள். அவர் அதையும் டியூஷன் ஜோக்காகத்தான் எடுத்துக்கொண்டார்.

அவருடைய படக்காட்சி எல்லாவற்றிலும் முதல் படம் ஒன்றே. கையுறை போட்ட இரண்டு கைகள், ஒரு குழாய், ஒரு வெள்ளைத் துணி. முகம் கிடையாது. அக்காவின் கைகள்தான். அவள் பார்க்காத நாடுகளையெல்லாம் அந்தக் கைகள் பார்த்துவிட்டன.

ஏற்புடைமை என்று ஒரு பகுதி ஆராய்ச்சியில் வரும். இந்த முறையை நோயாளிகள் மனதார ஏற்கிறார்களா என்று கேட்டு எழுத வேண்டும். முதல் நோயாளியிடம் அவரே கேட்டார்.

"அப்பா, அக்கா மாத்துறது உங்களுக்கு வசதியா இருக்கா?"

அப்பா ஜன்னலைப் பார்த்தார். "நல்லாத்தான் பண்றா."

மிகவும் ஏற்புடையது என்று எழுதப்பட்டது.

இதற்கிடையில் அக்காவின் லீவு நீண்டது. இன்ஜினியர் அவள் மேசையைக் காலியாகத்தான் வைத்திருந்தார். பிறகு அதில் தாள்களை அடுக்கினார். பிறகு ஒரு பையன் உட்கார்ந்தான். வீட்டில் அவள் அறுவையைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் டாக்டரிடம் ஒரு காரணம் இருந்தது. வெளியூரிலிருந்து நல்ல டாக்டர் ஒருத்தர் வரப்போகிறார். வெயில் குறையட்டும். இந்தப் பயணம் போய்வந்ததும் பார்க்கலாம். பயணங்களுக்கு நடுவே அவரும் கத்தி பிடிப்பதை விட்டுவிட்டார். அறுவை நாட்களைச் சின்ன டாக்டர்களுக்குக் கொடுத்தாயிற்று. கடைசியில் காரணம் சொல்வதும் நின்று, "நல்லாத்தானே போயிட்டிருக்கு" என்பது மட்டும் மிச்சமாயிற்று. திட்டத்திலேயே மிக நீண்ட காலம் சிக்கலில்லாமல் இருக்கிற நோயாளி அப்பா. வெளிநாட்டு விருந்தினர்கள் வந்தால் முதல் வீடு என்று சொல்லி அழைத்துவந்து காட்டுவார்கள். அப்பா அவர்களிடம் கையை நீட்டி, "டிக்கெட்?" என்பார். டாக்டர் மொழிபெயர்ப்பார். எல்லாரும் சிரிப்பார்கள்.

டாக்டரின் மனைவி வங்கியில் வேலை பார்ப்பவள். ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் அவர்கள் தனியாக இருந்தார்கள். அவள் நாக்கு கூர். ஒருமுறை அக்காவுக்கு விஷக்காய்ச்சல் வந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது குழாய் மாற்றும் நாள் வந்தது. டாக்டர் வார்டிலிருந்து ஒரு நர்ஸை அனுப்ப ஏற்பாடு செய்தார். "ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லிக் குடுக்கிறீங்க. உங்க அப்பாவுக்கு நீங்க ஒரு தடவை மாத்தினா கை தேஞ்சு போயிடுமா?" என்றாள் மனைவி. அவருக்கு அன்று ஒரு கூட்டம் இருந்தது. நர்ஸ் வந்தாள், மாற்றினாள், வண்டிச் செலவு வாங்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு அப்பா முகத்தில் துண்டு போட்டுக்கொள்ளவில்லை. நர்ஸிடம் அவள் எந்த ரூட் பஸ்ஸில் வந்தாள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

சென்ற வருஷம், முன்பு ஆபீசில் பக்கத்து மேசையில் இருந்த தோழி அக்காவுக்குப் போன் செய்தாள். அவள் வேறொரு ஊரில் சொந்தமாக ஆபீஸ் திறந்திருந்தாள்.

"நீ வாடி. இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்லதான். ரெண்டு மாசத்துல கத்துக்கலாம். கத்துக்கிட்ட பசங்களுக்குக் கோடு போடத் தெரியுது, தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு தெரியல. மாடி பாத்ரூமை அடுப்படிக்கு மேல வச்சுட்டு நிக்கிறான் ஒருத்தன்."

"எனக்கு அம்பது தாண்டிருச்சுடி."

"தண்ணிக்குத் தெரியுமா உன் வயசு? வருஷக் கடைசி வரைக்கும் இடம் வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது, சொல்லிட்டேன்."

அன்று அக்கா தம்பிக்காகக் காத்திருந்தாள். அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள்.

"அப்பாவுக்கு ஆபரேஷன் பண்ணிடுடா. குழாயை எடுத்துட்டா அவர் தன் வேலையைத் தானே பாத்துப்பார். உன் வீட்ல வச்சுக்கோ, இல்ல ஒரு ஆளைப் போடு. நான் வேலைக்குப் போறேன்."

"திடீர்னு இப்படிச் சொன்னா எப்படிக்கா?"

"எத்தனை வருஷமாச் சொன்னா திடீர் இல்ல?"

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். திட்டத்தை உலக மருத்துவ வழிகாட்டியில் சேர்க்கிற நேரம் இது, மதிப்பீட்டுக்கு ஆள் வருகிறார்கள், முதல் வீட்டைப் பார்க்காமல் போக மாட்டார்கள் என்றார். "அது முடியட்டும். முடிஞ்ச மறுநாளே டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். சத்தியமா."

மதிப்பீட்டுக்கு வந்தது ஒரு சின்னப் பெண். மருத்துவத் திட்டங்களின் வரவு செலவைக் கணக்குப் பார்ப்பது அவள் படிப்பு. விருந்தினர்கள் வழக்கமாகப் பையைப் பார்ப்பார்கள், குழாயைப் பார்ப்பார்கள், அப்பாவோடு படம் எடுத்துக்கொள்வார்கள். இவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"இதுக்கு முன்னாடி நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்கக்கா?"

"படம் வரைஞ்சிட்டிருந்தேன்."

"ஓவியமா?"

"கக்கூஸ் படம்" என்றாள் அக்கா. அந்தப் பெண் விழித்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு விளக்கினாள். விளக்கும்போது விரலால் ஈர மேடையில் ஒரு வீட்டையே வரைந்து காட்டிவிட்டாள்.

பிறகு அந்தப் பெண் முன்னறைக்குப் போய் டாக்டர் எதிரில் உட்கார்ந்தாள். அக்கா டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு அறைக்கும் நடுவே கதவு கிடையாது.

"சார், நர்ஸ் வீட்டுக்கு வந்து குழாய் மாத்தினா அதுக்கு ஒரு செலவு போட்டிருக்கீங்க. வீட்டு ஆள் மாத்தினா பூஜ்யம் போட்டிருக்கீங்க. ரெண்டும் ஒரே வேலைதானே?"

"நர்ஸ் வேலைக்கு வர்றாங்கம்மா. இவங்க எப்படியும் வீட்ல இருக்கிறவங்க."

"எதுக்கு சார் வீட்ல இருக்காங்க?"

டாக்டர் சிரித்தார். பெரிய அரங்குகளில் கேள்விகளைச் சமாளித்துப் பழகிய நல்ல சிரிப்பு. "நம்ம குடும்பங்கள்ல பாசத்துக்கு விலை போடுற பழக்கம் இல்லையேம்மா. அப்படிப் போட்டா அக்காவுக்கே கோவம் வரும். இல்லக்கா?"

அக்கா டீயைக் கொண்டுவந்து வைத்தாள். "சர்க்கரை போட்டிருக்கேன், பாத்துக் குடிங்க" என்று அந்தப் பெண்ணிடம் மட்டும் சொன்னாள்.

சத்தியம் செய்தபடி டாக்டர் நடந்துகொண்டார். மறுநாள் இல்லை, ஆனால் அந்த வாரமே. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எல்லாச் சோதனையும் எடுத்தார்கள். இதயத்தைப் படம் எடுத்தார்கள். மயக்க மருந்து கொடுக்கலாமா என்று சொல்ல வேண்டியவன் அதே பழைய நண்பன். தலை நரைத்து, தொப்பை போட்டிருந்தான். அக்காவை அவன் பார்த்ததில்லை. அப்பாவைத் தள்ளுவண்டியில் இன்னொரு அறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவன் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "வீட்டு ஆள் கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்றான்.

இது என் அக்கா என்று டாக்டர் சொல்லியிருக்கலாம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா வெளியே போய் நின்றாள். திரைதான் தொங்கியது. பஸ் ஸ்டாண்டில் பேசிப் பழகிய குரல் மாதிரி நண்பனுக்கு.

"டேய் குழாய், என்னடா இது? ஹார்ட் பாதி பம்ப் கூட அடிக்கல. மேசையில ஏத்தினா உயிரோட இறக்க என்னால முடியாது. உள்ள இருக்கிற மூத்திரப்பை வேற, இத்தனை வருஷம் வேலையே இல்லாம சுருங்கிப் போயிருக்கும், அடைப்பை எடுத்தாலும் அது பிழியுமா? உனக்கே தெரியுமே. அன்னைக்கே பெரியவர்கிட்ட விட்டிருந்தா அரை மணி நேர வேலைடா."

டாக்டர் சொன்னது வெளியே கேட்கவில்லை.

காரில் அப்பா, "என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

"பாத்துக்கலாம்னு சொன்னான்ப்பா."

"பெரியவரே பண்ணியிருப்பாராமே" என்றார் அப்பா. தள்ளுவண்டி ஆள் காதில் விழுந்ததைச் சொல்லியிருப்பான்போல. "கை நடுங்குதுன்னியே. கை நடுங்குற டிரைவர் வண்டியில நான் எவ்வளவு தடவை ஏறியிருக்கேன். வண்டி என்னவோ ஊர் போய்ச் சேந்துச்சு."

சிக்னலில் கார் நின்றது. அக்கா பின்சீட்டில் பையைத் தன் காலருகே, அப்பாவின் இடுப்புக்குக் கீழே இருக்கும்படி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் அப்பாவைப் படுக்கவைத்துவிட்டு வந்து கேட்டாள். "அன்னைக்கே பண்ணியிருந்தா?"

"எல்லா ஆபரேஷன்லயும் ஆபத்து இருக்குக்கா. அந்த வயசுல நூத்துக்கு ரெண்டு மூணு பேருக்குச் சிக்கல் வரத்தான் செய்யும். அப்பா அந்த ரெண்டு மூணுல ஒருத்தரா இருந்திருந்தா?"

"தொண்ணூத்தேழுல ஒருத்தரா இருந்திருந்தா?"

"நடந்ததைப் பேசி என்ன ஆகப்போகுது? அவருக்கு இன்னைய வரைக்கும் ஒரு குறை இல்ல. உன்னாலதான். அதை நான் எல்லா மேடையிலயும் சொல்றேன், தெரியுமா உனக்கு?"

"என் பேரைச் சொல்றியா?"

"நோயாளி குடும்பத்துப் பேரைச் சொல்லக் கூடாதுன்னு விதிக்கா" என்றார். அது உண்மைதான்.

வருஷக் கடைசியில் அக்கா தோழிக்குப் போன் செய்தாள். வேறு ஆள் பார்த்துக்கொள் என்று சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தோழிதான் அழுதாள். இவள் அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, மாடி பாத்ரூமை நேர் கீழே இருக்கிற பாத்ரூமுக்கு மேலேயே வைக்கச் சொல்லு அந்தப் பையனை என்றாள்.

ஓர் ஆளைப் போடுவது பற்றி டாக்டர் மறக்கவில்லை. ஓர் ஆளும் வந்தான். அப்பா இரண்டு நாளில் அவனைத் துரத்திவிட்டார். முகத்தில் துண்டு போடாமல், அவன் கண்ணைப் பார்த்தே, "கைய எடுடா" என்று கத்தினாராம். டாக்டர், "பாத்தியா, அவருக்கு நீதான் பிடிக்குது" என்றார். அக்காவுக்குத் தெரிந்த அப்பாவுக்கு இது பிடித்த விஷயமே இல்லை. வீட்டோடு இருக்கப்போகிற இன்னொருவர் முன்னால் புதிதாக ஒருமுறை வெட்கப்பட அவருக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் டாக்டர் லேப்டாப்போடு வந்தார். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா சாப்பாட்டு மேசையில் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் நன்றாக இருந்தது.

"கமிட்டி ஒத்துக்கிட்டாங்கக்கா. வழிகாட்டியில வருது. இனி எந்த நாட்லயும் இதைத்தான் முதல்ல செய்யச் சொல்வாங்க."

"நல்லது" என்றாள்.

"ஒரே ஒரு திருத்தம் கேக்குறாங்க. அந்தப் பொண்ணு கிளப்பிவிட்டது. வீட்டு ஆளோட நேரத்துக்குப் பூஜ்யம் போடக் கூடாதாம். ஏதாவது ஒரு எண் போடணுமாம். மத்த வீடுகளுக்கெல்லாம் ஆள் அனுப்பிக் கேட்டாச்சு. முதல் வீட்டுக்கு நானே கேக்கலாம்னு வந்தேன்." அவர் லேப்டாப்பைத் திறந்து தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஒரு நாளைக்கு உனக்கு இதுக்கு எவ்வளவு நேரம் ஆகுது?"

அக்கா நூலைப் பல்லால் அறுத்தாள். "எதுலேர்ந்து எதுவரைக்கும்?"

"குழாயைத் தொடுற நேரம் மட்டும். காலி பண்றது, கழுவுறது. மாத்துற அன்னைக்கு ஆகுற நேரத்தை மத்த நாளுக்கும் பங்கு போட்டுக்கலாம்."

"ராத்திரி அவர் புரண்டா முழிச்சுக்கறது?"

"அது தூக்கத்துல சேர்ந்துடும்."

"கடைக்குப் போனா ஓடி வர்றது?"

"கடைக்கு எப்படியும் போவேல்ல."

"அவர் பேசாம இருக்கிற நாள்?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அப்படி ஒரு கட்டம் இதுல இல்லக்கா." பிறகு, குரலை இறக்கி, சின்ன வயதில் வீட்டுப் பாடத்துக்கு விடை கேட்கும் தம்பியின் குரலில், "உத்தேசமாச் சொல்லு போதும். இன்னைக்கே அனுப்பணும். ஒரு மணி நேரம்னு போட்டுக்கட்டுமா?"

அவள் ஊசியை ரவிக்கையின் ஓரத்தில் செருகினாள். ரவிக்கையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஒன்னரை?" என்றார் அவர்.

அக்கா எழுந்து, நாற்காலியை மேசைக்கடியில் தள்ளிவிட்டு, அறையை விட்டுப் போனாள்.